உதைக்க விடாத ஃபுட்பால்

ஒரு மாதத்துக்கு முந்திய சனிக்கிழமை நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு ஜெர்மன் அம்மா இறங்கி வந்து பெல் அடித்துவிட்டார்.

மத்தியான அமைதி நேரம். அந்த நேரத்தில் சுவரில் ஆணி அடித்தாலே இந்த நாட்டில் பெரிய குற்றம். ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. உங்கள் கணவருக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

இல்லை, அவர் நன்றாக இருக்கிறார், வீடியோ கேம் ஒன்று அப்டேட் ஆகிவிட்டது, அதுதான் கத்தினேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அடுத்த முறை எனக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் கூப்பிடுவார் போலிருந்தது.

கோபத்தோடு எழுதினால் எழுத்து கெட்டுவிடும் என்பார்கள். அதனால் போன வாரங்களில் இந்தப் பத்தியில் ரயில் தாமதத்தைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் எழுதிப் பார்த்தேன். கோபம் ஆறவில்லை. எழுத்து கெட்டாலும் பரவாயில்லை என்று இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கணவர் சிவாவைத் தெரியும். ஹைடல்பெர்க்கில் பஸ் ஓட்டியவர். போன வருஷம் ஒரு காலையில், டிப்போவில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னாலேயே, பாரிசவாதம் அவரைத் தாக்கியது. பஸ்ஸை எடுத்த பிறகு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. பேச்சு திரும்பிவிட்டது. கால் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பி வர மறுத்தது. குறிப்பாக, கட்டைவிரல்.

கட்டைவிரல்தானே என்று நினைக்கிறீர்களா? அது இல்லாமல் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள்.

கைக்குப் பயிற்சி கொடுத்தவர் ப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், என்ற எர்கோதெரபிஸ்ட். முதலில் களிமண் உருண்டையைக் கொடுத்தார். பிறகு துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொடுத்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், கிளிப்பை ஒரு கயிற்றில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஒரு நாள் கிளிப்பை மேசையில் வைத்துவிட்டு, இதைச் செய்து நான் என்ன சலவைத் தொழிலா செய்யப் போகிறேன் என்று கேட்டுவிட்டார்.

ப்ராவ் கெல்லர் கோபிக்கவில்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று திருப்பிக் கேட்டார்.

இவர் யோசிக்காமல் சொன்ன பதில் — அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் இவருக்கு அமைந்த முதல் வேலை, ஹைடல்பெர்க்கில் அப்போதிருந்த அமெரிக்க ராணுவ முகாமின் கிச்சனில். வாரம் முழுவதும் ஒரே யூனிஃபார்ம் போட்டவர்கள் சனிக்கிழமை சாயந்தரம் மட்டும் ஆளுக்கொரு கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு டீவி முன்னால் பரம எதிரிகளாகிவிடுவார்களாம். பாத்திரம் கழுவ வந்த இவரையும் இழுத்து உட்காரவைத்து, நீ எந்தக் கல்லூரி என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் கைவிட்ட ஒரு சின்னக் கல்லூரியை இவர் கைகாட்டினார். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

முகாம் போய்விட்டது. பைத்தியம் போகவில்லை.

ஆக, கேம் வாங்கினோம். கண்ட்ரோலரை முதன்முதலில் அவர் கையில் வைத்தபோது அது நழுவி மடியில் விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த கேமைத் திட்டப் போகிறேன். ஆனால் நல்லதைச் சொல்லாமல் திட்டினால் அது அநியாயம்.

கேம் அருமையாக இருக்கிறது! விளையாட்டே தெரியாத நான் சொல்கிறேன். மேளமும் ட்ரம்பெட்டும் முழங்க, மாணவர்கள் எழுந்து நின்று ஆடுகிற மைதானம். எதிரணியின் ஊருக்குப் போனால் அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் திரையே நடுங்கும். எந்த ஆள் எங்கே ஓட வேண்டும் என்று காட்டும் கோடுகள் நெளிந்து குழம்பும். சத்தத்தைக் கண்ணால் பார்க்க வைத்திருக்கிறார்கள். எவனோ ஒருவன் ரசித்துச் செய்திருக்கிறான்.

இன்னொன்று — இது யோசிக்க நேரம் தருகிற விளையாட்டு. ஓடு, அடி, சுடு என்று விரட்டுவதில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் நின்று, என்ன செய்யலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். ஓடுவதற்கு இடது கை போதும். பந்து எறிய வலது கட்டைவிரலால் பட்டனை ஒரு தரம் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் அதுவும் முடியவில்லை; ஓடிக்கொண்டே இருந்தார், தோற்றுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் எறிந்தார். ஒரு சீசன் முடிந்தால் அடுத்த சீசன். பழைய மாணவர்கள் படித்து முடித்துப் போவார்கள், புதியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். தன் சின்னக் கல்லூரியை அடிமட்டத்திலிருந்து இவர் ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ் போன பிறகு, காலையில் எழும்ப ஒரு காரணம் கிடைத்தது.

குறைகளும் உண்டு. வர்ணனையாளர்கள் இருவர், சொன்னதையே சொல்வார்கள். பெண் ஆட்டக்காரி கிடையாது. எதைத் திறந்தாலும் ஒரு கடை வந்து நிற்கும் — ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை வாங்கு, பொதி வாங்கு என்று. உதைக்கிற ஆட்டக்காரனுக்கு இவர் தன் பெயரையே வைத்தார். வர்ணனையாளருக்கு அந்தப் பெயர் வாயில் வராது, சட்டை நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எங்களுக்கு அது பழக்கம்தான். வந்த புதிதில் இங்கே அலுவலகங்களிலும் எங்களை நம்பரில்தான் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். சிரித்துவிட்டுப் போகலாம்.

உதைக்கு வருகிறேன்.

ஃபுட்பால் என்று பெயர் வைத்துக்கொண்டு, எப்போதாவதுதான் காலால் உதைக்கிறார்கள். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் உதைதான். தூரத்தில் நின்றால் பந்தை எதிரணிப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். கிட்டத்தில் நின்றால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அடித்து மூன்று புள்ளி எடுப்பார்கள். ஓடிப்போய்க் கடைசிக் கோட்டைக் கடந்தால் ஆறு. அதற்குப் பிறகும் ஓர் உதை, அதற்கு ஒரு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த உதைக்குக் கட்டைவிரலால் பட்டனை அழுத்த வேண்டும். திரையில் ஒரு பட்டை மெதுவாக ஏறும். சரியான இடத்தில் மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு அழுத்தல்தான், ஆனால் இரண்டாவது, நினைத்த நேரத்தில் விழ வேண்டும். மூளை சொல்கிறது, விரல் கேட்கவில்லை. பந்து இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, முன்னால் நின்றவனின் முதுகில் பட்டது. மாதக்கணக்காக!

பிறகு ஒரு சாயந்தரம் நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நிற்கிறேன். டீவியில் கூட்டம் ஆரவாரிக்கிறது. எட்டிப் பார்த்தால், இவர் திரையைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை மடக்குகிறார், நீட்டுகிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். 

அந்த வாரம்தான் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டார். நேரம் எடுத்தது. நான் உதவிக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ப்ராவ் கெல்லரிடம் சொன்னபோது, அவர் இவரது கட்டைவிரலைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கிளிப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள்.

கேம் திறந்தது. புதிய பதிப்பு என்றது, இறங்கியது. ஆட்டம் தொடங்கியது. உதைக்க வேண்டிய இடம் வந்தது — பட்டன் வேலை செய்யவில்லை! உதைக்கிற முறையையே மாற்றிவிட்டார்கள். இனிமேல் கண்ட்ரோலரின் வலது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைக் கட்டைவிரலால் கீழே இழுத்து, ஒரே வேகத்தில் மேலே சுண்ட வேண்டும். நேராக. வேகம் குறைந்தாலும் தப்பு, கோணினாலும் தப்பு.

இவரால் இழுக்க முடிந்தது. சுண்ட முடியவில்லை.

திரும்பத் திரும்ப முயன்றார். பந்து உருண்டது. நான் செட்டிங்ஸ் முழுவதும் தேடினேன். நிறம் பிரித்துத் தெரியாதவர்களுக்கு ஒரு தேர்வு இருந்தது. எழுத்தைப் பெரிதாக்க இருந்தது. பாராட்டுகிறேன். பழைய உதை மட்டும் இல்லை. ஆனால் கடை? அது முன்பைவிட வேகமாகத் திறந்தது. அந்த அப்டேட்டில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான்.

நான் கத்தியது அப்போதுதான்.

அவர் கத்தவில்லை. கண்ட்ரோலரைச் சோஃபாவில் வைத்தார்.

"வியாழக்கிழமை டெர்மினை வேண்டாம் எண்டு சொல்லிவிடும்" என்றார். ப்ராவ் கெல்லரிடம் பயிற்சிக்குப் போக வாங்கியிருந்த நேரம் அது.

"ஏன்?"

"ஏலாத கைக்கு ஏன் சும்மா."

என் கோபம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், இந்த நான்கு சொற்களில். மாதக்கணக்கில் ஓர் ஆள் ஏறிய படிகளை, ஏதோவொரு ஊரில் எவனோ ஒருவன் காபி குடித்துக்கொண்டே உருவிவிட்டான். அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கம்பெனிக்கு எழுதினேன். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும், மரியாதையாக, நடந்ததை எல்லாம் விளக்கி. பதில் உடனே வந்தது — மனிதர்கள் அவ்வளவு வேகமாகப் பதில் எழுதுவதில்லை. எங்கள் ஆர்வத்துக்கு நன்றியாம். எங்கள் கருத்து அவர்களுக்கு முக்கியமாம். அன்பளிப்பாக ஓர் அட்டைப் பொதி அனுப்பியிருக்கிறார்களாம்.

கை வராத மனுஷனுக்கு அட்டை!

ரசிகர்கள் கூடும் இணைய அரட்டைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். புதிய உதை உண்மையான உதை மாதிரியே இருக்கிறது, சூப்பர் என்றார் ஒருவர். பழகினால் வரும் என்றார் இன்னொருவர். பழகுவதைப் பற்றி என் கணவருக்குப் பாடம் எடுக்கிறார்! மூன்றாமவர், உன் புருஷனைக் கோல்ஃப் கேம் விளையாடச் சொல் என்று எழுதியிருந்தார். அதற்கு நான் தமிழில் பதில் எழுதினேன். அதை இங்கே அச்சிட முடியாது.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் பிரசன்னா இருக்கிறான். திருச்சிக்காரன். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. தன்மையான பிள்ளை, இவருக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடித் திரிந்த நாட்களில் எங்களுக்குக் கார் ஓட்டியவன். வந்து கண்ட்ரோலரைப் பிரட்டிப் பார்த்தான். ஒரு பட்டனின் வேலையை இன்னொரு பட்டனுக்கு மாற்றலாம், ஆனால் சுண்டுவதை அழுத்துவதாக மாற்ற முடியாது என்றான். அப்டேட்டை அழித்துவிட்டு வாங்கிய டிஸ்க்கில் இருக்கும் பழைய கேமை ஆடலாம். ஆனால் இவர் கட்டியெழுப்பிய சீசன்கள் பழைய கேமில் திறக்காது. கல்லூரியை மறுபடி அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன்தான் மாற்றினார்கள் என்று கேட்டேன்.

"ஆன்லைன்ல ஆடுறவங்க கம்ப்ளைன்ட் பண்ணிருப்பாங்க அக்கா. பழைய கிக் ரொம்ப ஈஸின்னு."

"அவர் ஆன்லைனிலையே விளையாடேல்லையே. தனியத்தானே விளையாடுறார்."

"ரெண்டு விதமா வெச்சு மெயின்டெய்ன் பண்றது செலவு அக்கா. பழசை யூஸ் பண்றவங்க ரொம்ப சின்ன பர்சென்டேஜ்னு டேட்டா சொல்லும். தூக்கிடுவாங்க. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் பண்ணுவோம்."

"அந்தச் சின்ன பர்சென்டேஜ் இஞ்ச சோஃபாவில இருக்கிறார், பாரும்."

பிரசன்னா திரும்பிப் பார்த்தான். சிவா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், இடது கையால். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் உண்மையைத்தான் சொன்னான். அவன் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? ஆனால் அன்றிலிருந்து 'டேட்டா சொல்லும்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. டேட்டா எல்லாம் சொல்லும். யாருடைய கட்டைவிரல் என்று மட்டும் சொல்லாது.

வியாழக்கிழமை டெர்மினுக்கு அவர் போகவில்லை. அடுத்த வியாழனும் போகவில்லை. டீவியில் செய்தி பார்த்தார். ஜன்னலால் பஸ் போவதைப் பார்த்தார். சட்டைக்குப் பதிலாகப் பனியனைப் போடத் தொடங்கினார் — அதில் பொத்தான் இல்லை.  ப்ராவ் கெல்லருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.  அவர், வெட்கம்கெட்டவர்கள் என்று ஜெர்மனில் ஒரே ஒரு சொல் சொன்னார். கடுஞ்சொல் பேசாத பெண். அவர் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

அடுத்து வந்த சனிக்கிழமை, நான் கடைக்குப் போய் வந்தால், டீவியில் மேளச் சத்தம். சிவா கண்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"இஞ்சேரும், இந்த முதல் உதையை மட்டும் நீர் அடியும்" என்றார். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஓர் உதை உண்டு. அதைத் தவிர்க்க முடியாது.

பையைக் கீழே வைத்துவிட்டு அடித்தேன். பந்து கோட்டுக்கு வெளியே பறந்தது. பரவாயில்லை என்றார்.

"அப்ப மற்ற உதையளையும் நானே அடிக்கிறன். தாங்கோ."

"வேண்டாம். தொடக்கத்தில புள்ளி இல்லை, ஆரும் அடிக்கலாம். மற்றதை நீர் அடிச்சா அது உம்மட புள்ளி."

"அப்ப என்னப்பா செய்யப் போறியள்?"

"உதைக்க மாட்டன்."

நான் அவர் விளையாட்டைத்தான் விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அதுவல்ல. நான்காவது வாய்ப்பு வந்தது. உலகமே உதைக்கிற இடம். இவர் ஓடினார். பிடிபட்டார். எதிரணி பந்தை வாங்கிக்கொண்டு போய்ப் புள்ளி போட்டது. அடுத்த முறையும் ஓடினார். வர்ணனையாளர், இந்தப் பயிற்சியாளர் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அலறினார். அதற்கடுத்த நான்காவதில் பந்தை எறிந்தார், கைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கோட்டைக் கடந்த பிறகும் அந்த ஒற்றைப் புள்ளி உதையை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மறுபடி ஓடிப் போனால் இரண்டு புள்ளி தருவார்கள், அதைக் கேட்டார்.

அன்று தோற்றார். பயங்கரமாகத் தோற்றார். ஆனால் சிரித்துக்கொண்டே தோற்றார். பாரிசவாதம் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அடுத்த வியாழன் சட்டை போட்டுக்கொண்டு டெர்மினுக்குப் போனார். அந்த வாரத்திலிருந்து வெல்லவும் தொடங்கினார். ஒருபோதும் உதைக்காத அணியை எப்படிச் சமாளிப்பது என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. பிரசன்னா வந்து பார்த்துவிட்டு, அண்ணா இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டே முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தான்.

இந்த இடத்தில் உங்களில் பலர் பேனாவை எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, சிவா அண்ணைக்கு வாழ்த்துக்கள்... தயவுசெய்து வேண்டாம். அவர் கெட்டிக்காரர், சரி. ஆனால் அவர் ஏன் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்? மற்றவர்களெல்லாம் சும்மா ஒரு கேம் விளையாடுகிறார்கள். இவர் மட்டும் ஏன் வீரனாக வேண்டும்? இருந்த கதவை அடைத்துவிட்டு, அவர் ஜன்னலால் ஏறி வந்ததும் கைதட்டுகிறோம். கதவை அடைத்தவனை யாரும் கேட்பதில்லை.

நேற்று அவருடைய கல்லூரி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. முதல் தடவை. பிரசன்னாவும் வந்திருந்தான். கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறார். நான்காவது வாய்ப்பு. கம்பங்கள் கிட்டத்தில் — பழைய பட்டனென்றால், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி மூன்று புள்ளி எடுத்துக் கிண்ணத்தை வாங்கியிருப்பார். நான் கண்ட்ரோலருக்குக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஓடினார்.

அரை யார்டு எட்டவில்லை.

எதிரணி மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். பிரசன்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவா கண்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்தார்.

"பரவாயில்லையப்பா. நல்ல மேட்ச்" என்றார்.

அவருக்குப் பரவாயில்லையாம். எனக்கு இல்லை.